ஃபார்மை மூடிய பிறகும் ஈவென்ட் ஹேண்ட்லர் ஓடுகிறது, மெமரியும் இறங்கவில்லை: யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்?

நிரல்வண்டு கேட்டது:

வணக்கம் நண்பர்களே. சி ஷார்ப் மொழி, டாட்நெட் 8, ஜன்னல்களுக்கு வின்ஃபார்ம்ஸ் நூலகம் (அதில் ஒரு ஜன்னல்தான் ஃபார்ம்). முதன்மை ஜன்னல் காலையில் திறந்தால் மாலை வரை திறந்தே இருக்கும். அதிலிருந்து ஆர்டர் விவர ஜன்னலை நாள் முழுக்கத் திறந்து மூடுவார்கள். தரவு மாறினால் அறிவிப்பதற்கு ஒரே ஒரு சேவை ஆப்ஜெக்ட், அதாவது நிரல் முழுக்க ஒன்றே ஒன்றாக இருக்கும் சிங்கிள்டன். விவர ஜன்னலின் கன்ஸ்ட்ரக்டரில் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் மெத்தட்) இருக்கும் வரி இது, += சேவையின் ஈவென்டில் ஹேண்ட்லரைச் சேர்க்கிறது. படிக்க வசதியாகப் பெயர்களைத் தமிழில் மாற்றியிருக்கிறேன்:

சேவை.ஆர்டர்மாறியது += (அனுப்பியது, தகவல்) => வரியைப்புதுப்பி(தகவல்.எண்);

ஜன்னலை 20 முறை திறந்து மூடிவிட்டு ஓர் ஆர்டரை மாற்றினால் வரியைப்புதுப்பி 20 முறை ஓடுகிறது. பிரேக்பாயின்ட் வைத்துப் பார்த்துவிட்டேன். சில நேரம் "டிஸ்போஸ் ஆன ஆப்ஜெக்ட்" என்ற எக்ஸெப்ஷன் வருகிறது. நாள் முழுக்க ஓடினால் கடைசியில் விண்டோ ஹேண்டில் (ஜன்னலுக்கு விண்டோஸ் தரும் அடையாளம்) உருவாக்க முடியவில்லை என்று நிரலே விழுகிறது.

செய்து பார்த்தவை: ஜன்னல் மூடியதும் எழும் ஃபார்ம்குளோஸ்டில் இதே லாம்ப்டாவை (மேலே += க்குப் பின் இருக்கும் பெயரில்லாத மெத்தட்) அப்படியே, ஹேண்ட்லரை நீக்கும் -= போட்டு எழுதினேன், பலனில்லை. ஆப்ஜெக்டை நீக்கும் முன் ஓடும் ஃபைனலைசருக்குள் -= எழுதினேன், அது ஓடவே இல்லை. பயன்படாத மெமரியை மீட்கும் கார்பேஜ் கலெக்டரை (ஜிசி) ஓட்டும் கலெக்டைக் கையால் கூப்பிட்டேன், அதற்கும் அசையவில்லை. விவர ஜன்னலைச் சில இடங்களில் ஷோ என்றும் சில இடங்களில், மூடும் வரை மற்ற ஜன்னல்களைத் தொடவிடாத ஷோடயலாக் என்றும் திறக்கிறோம். மூடிய ஃபார்ம் ஏன் போகவில்லை? -= ஐ எங்கே எழுத வேண்டும்?

சுட்டிநூல் பதில்:

நிரல்வண்டு, முதலில் யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஃபார்ம்தான் சேவையைக் கவனிக்கிறது, ஆகவே ஃபார்மிலிருந்து சேவைக்குத்தான் ரெஃபரன்ஸ் போகிறது என்று படிக்கும்போது தோன்றும். நடப்பது தலைகீழ். += போட்ட கணத்தில் ஒரு டெலிகேட் உருவாகிறது. அதில் இரண்டு விஷயங்கள்: எந்த மெத்தடைக் கூப்பிட வேண்டும், எந்த ஆப்ஜெக்ட் மேல் கூப்பிட வேண்டும். அந்த இரண்டாவதுதான் டார்கெட். உங்கள் லாம்ப்டா வரியைப்புதுப்பி என்ற ஃபார்மின் மெத்தடைக் கூப்பிடுவதால் டார்கெட் ஃபார்மேதான். இந்த டெலிகேட் போய் உட்காருவது சேவையின் பட்டியலில். ஆக, சேவை ஃபார்மைப் பிடித்திருக்கிறது. சேவை சிங்கிள்டன், நிரல் முடியும் வரை சாகாது. அது பிடித்த ஃபார்மும் சாகாது.

கார்பேஜ் கலெக்டர் பார்ப்பது ஒன்றே ஒன்று: ரூட்டிலிருந்து (ஸ்டாட்டிக் மாறி, ஓடும் மெத்தடின் லோக்கல் மாறி போன்ற தொடக்கப் புள்ளி) ரெஃபரன்ஸ் வழியே அந்த ஆப்ஜெக்டை எட்ட முடிகிறதா? ஜன்னல் மூடியதா, திரையில் தெரிகிறதா என்பதெல்லாம் அதன் கணக்கிலேயே இல்லை. அதனால்தான் கையால் கலெக்ட் கூப்பிட்டும் அசையவில்லை. டிஸ்போஸும் ஆப்ஜெக்டை அழிப்பதில்லை, அதன் கையிலிருக்கும் விண்டோ ஹேண்டில் போன்றவற்றைத் திருப்பிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஃபைனலைசருக்குள் -= எழுதியது அறையின் சாவியை அறைக்குள்ளேயே வைத்துப் பூட்டியது போல. யாரும் எட்ட முடியாத நிலைக்கு ஃபார்ம் வந்தால்தான் ஃபைனலைசர் ஓடும், அந்த நிலைக்கு வரவிடாமல் பிடித்திருப்பதே நீங்கள் அங்கே விடுவிக்கப் பார்க்கும் ஈவென்ட்தான்.

அடுத்து, லாம்ப்டாவை அப்படியே -= போட்டது. இரண்டு டெலிகேட்கள் சமம் என்று எண்ணப்பட மெத்தடும் டார்கெட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே லாம்ப்டாவை இரண்டு இடத்தில் எழுதினால் கம்பைலர் அவற்றை இரண்டு தனி மெத்தடுகளாக்கிவிடும். பட்டியலில் இல்லாத ஒன்றை -= செய்தால் பிழையும் வராது, எச்சரிக்கையும் வராது, எதுவும் நடக்காது. அதுதான் இதில் ஆபத்தே. பெயருள்ள மெத்தடாக எழுதுங்கள்:

சேவை.ஆர்டர்மாறியது += ஆர்டர்மாறியபோது;
சேவை.ஆர்டர்மாறியது -= ஆர்டர்மாறியபோது;

இரண்டாவது வரியில் உருவாவது புதிய டெலிகேட்தான், ஆனாலும் மெத்தடும் டார்கெட்டும் ஒன்றே என்பதால் சரியாக நீக்கும். லாம்ப்டாதான் வேண்டுமென்றால் முதலில் ஒரு ஃபீல்டில் வைத்து, அதே ஃபீல்டை இரண்டு இடத்திலும் கொடுங்கள்.

லாம்ப்டாவைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே ஸ்கோப்பில் இருக்கும் இரண்டு லாம்ப்டாக்கள் லோக்கல் மாறிகளைப் பிடித்தால் அந்த மாறிகளை வைத்துக்கொள்ள இரண்டுக்கும் சேர்த்து ஒரே குளோஷர் ஆப்ஜெக்ட்தான் உருவாகும். ஒன்று ஒரு சிறிய எண்ணைப் பிடிக்கிறது, மற்றொன்று பெரிய பிட்மேப்பைப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணைப் பிடித்த லாம்ப்டா மட்டும் ஈவென்டில் மாட்டியிருந்தாலும் பிட்மேப்பும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

அதற்காக எல்லா += க்கும் ஜோடி தேடி அலைய வேண்டாம். ஃபார்மில் இருக்கும் பொத்தானின் கிளிக்குக்கு அந்த ஃபார்மே ஹேண்ட்லர் கொடுத்தால் பொத்தான் ஃபார்மைப் பிடிக்கும், ஃபார்ம் பொத்தானைப் பிடிக்கும். இரண்டையும் வெளியிலிருந்து யாரும் பிடிக்காதபோது இரண்டும் சேர்ந்தே போய்விடும். ஒன்றையொன்று பிடித்துச் சுழல்வது டாட்நெட் ஜிசிக்கு ஒரு பொருட்டே இல்லை. ஈவென்டை எழுப்புகிற ஆப்ஜெக்ட், கேட்கிற ஆப்ஜெக்டை விட நீண்ட நாள் வாழும் என்றால் மட்டும் -= கட்டாயம். சிங்கிள்டன், ஸ்டாட்டிக் ஈவென்ட், முதன்மை ஜன்னல், டைமர் ஆகியவை அந்த வகை. சிஸ்டம்ஈவென்ட்ஸ் கிளாஸின் யூசர்ப்ரெஃபரன்ஸ்சேஞ்ச்டு ஸ்டாட்டிக் என்பதால், ஹேண்ட்லரை விடுவிக்காவிட்டால் மெமரி லீக் ஆகும் என்று அதன் ஆவணத்திலேயே எச்சரித்திருக்கிறார்கள்.

எங்கே எழுதுவது? டிஸ்போஸில். ஃபார்ம்குளோஸ்டு போதாது. ஃபார்மை உருவாக்கிவிட்டு, காட்டாமலே டிஸ்போஸ் செய்தால் ஃபார்ம்குளோஸ்டு எழாது, ஆனால் கன்ஸ்ட்ரக்டரில் போட்ட += ஏற்கெனவே ஒட்டியிருக்கும். டிசைனர் கோப்பில் இருக்கும் டிஸ்போஸ் மெத்தடை முதன்மைக் கோப்புக்கு நகர்த்தி அங்கே எழுதலாம்.

ஷோ என்று திறந்த ஜன்னல் மூடும்போது தானே டிஸ்போஸ் ஆகும். ஷோடயலாக் என்று திறந்தது ஆகாது! மூடினால் மறைகிறது, அவ்வளவே. அந்த இடங்களிலெல்லாம், வேலை முடிந்ததும் தானே டிஸ்போஸ் செய்யும் யூசிங் போடுங்கள்.

கைப்பிடி பதில்:

சுட்டிநூல் ஈவென்டைச் சொல்லிவிட்டார், நான் ஹேண்டிலுக்கு வருகிறேன். விண்டோஸில் ஒரு பிராசஸுக்கு யூசர் ஆப்ஜெக்ட் (ஜன்னல், மெனு போன்றவை) 10,000, ஜிடிஐ ஆப்ஜெக்ட் (ஃபான்ட், பிரஷ் போன்ற வரையும் பொருட்கள்) 10,000 என்பது இயல்பான உச்ச வரம்பு. ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் குறைந்தது ஒரு விண்டோ ஹேண்டில். 60 கன்ட்ரோல் உள்ள ஃபார்மை டிஸ்போஸ் செய்யாமல் விட்டால் 160, 170 முறைக்குள் கதை முடிந்துவிடும். மெமரி தாராளமாக இருக்கும்போதே நிரல் விழுவது இதனால்தான்.

டாஸ்க் மேனேஜரில் டீடெயில்ஸ் பக்கம் போய், தலைப்பு வரிசையில் வலது கிளிக் செய்து, செலக்ட் காலம்ஸில் யூசர் ஆப்ஜெக்ட்ஸ், ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ் இரண்டையும் டிக் செய்யுங்கள். ஜன்னலைத் திறந்து மூடும்போது எண் ஏறி, பழைய இடத்துக்கு இறங்க வேண்டும். யூசர் ஏறிக்கொண்டே போனால் கன்ட்ரோல் அல்லது மெனு தங்குகிறது. ஜிடிஐ மட்டும் ஏறினால் பெயின்ட் ஹேண்ட்லரில் உருவாக்கிய ஃபான்ட், பிரஷ், பேனா ஆகியவற்றில் ஒன்று டிஸ்போஸ் ஆகவில்லை.

உங்கள் குறிமுறையில் கன்ட்ரோல்ஸ் கிளியர் என்று எங்காவது இருக்கிறதா பாருங்கள். அது கன்ட்ரோல்களைப் பட்டியலிலிருந்து எடுக்கும், டிஸ்போஸ் செய்யாது. ஹேண்டில் தங்கிவிடும். பேனலைக் காலி செய்ய, எண்ணிக்கை பூஜ்யமாகும் வரை முதல் கன்ட்ரோலை டிஸ்போஸ் செய்யும் லூப் எழுதுங்கள். டிஸ்போஸ் ஆகிற கன்ட்ரோல் தானே தாயின் பட்டியலிலிருந்து விலகிக்கொள்ளும். அதனால்தான் ஃபோர்ஈச் போட்டு டிஸ்போஸ் செய்யக் கூடாது. நடக்கும்போதே பட்டியல் சுருங்குவதால் இடையில் சிலது விட்டுப்போகும்.

டைமர்களையும் பாருங்கள். வின்ஃபார்ம்ஸ் டைமர் ஓடிக்கொண்டிருக்கும் வரை தன்னைத் தானே ஜிசியிடமிருந்து பிடித்து வைத்துக்கொள்ளும். டிக் ஹேண்ட்லர் ஃபார்மைச் சேர்ந்தது என்றால் ஃபார்மும் அதனுடன் பிடிபடும். டிசைனரில் இழுத்துப் போட்ட டைமர் காம்போனென்ட்ஸ் தொகுப்பில் சேர்வதால் ஃபார்மோடு டிஸ்போஸ் ஆகிவிடும். குறிமுறையில் கையால் நியூ போட்டு உருவாக்கியது அந்தத் தொகுப்பில் இல்லை, நீங்களேதான் டிஸ்போஸ் செய்ய வேண்டும். த்ரெடிங் டைமர் இதற்கு நேர் எதிர். லோக்கல் மாறியில் மட்டும் வைத்தால் ஜிசி அதை எடுத்துவிடும், கொஞ்ச நேரம் ஓடிவிட்டுச் சத்தமில்லாமல் நின்றுபோகும். அதை ஃபீல்டில் வையுங்கள்.

நிரல்வண்டு:

மிக்க நன்றி. பெயருள்ள மெத்தட், டிஸ்போஸில் -=, ஷோடயலாக் இடங்களில் யூசிங், மூன்றும் செய்தாகிவிட்டது. 20 முறை ஓடியது நின்றது, யூசர் ஆப்ஜெக்டும் இறங்குகிறது. ஆனால் எப்போதாவது ஒருமுறை, ஜன்னலை மூடும் நேரத்தில் இன்வேலிட்ஆபரேஷன் எக்ஸெப்ஷன் வருகிறது. சேவை ஈவென்டை எழுப்புவது பின்னணி த்ரெடிலிருந்து. ஹேண்ட்லரின் தொடக்கத்தில், வேறு த்ரெடில் இருக்கிறோமா என்று சொல்லும் இன்வோக்ரிக்வயர்டு பார்த்து, ஆம் என்றால் வேலையை யூஐ த்ரெடுக்கு (ஜன்னல்களை இயக்கும் த்ரெட்) அனுப்பும் இன்வோக் செய்கிறோம். -= போட்ட பிறகும் எப்படி வருகிறது?

சுட்டிநூல் பதில்:

டெலிகேட் பட்டியல் மாறாத பொருள். += ம் -= ம் பழையதைத் திருத்துவதில்லை, புதிய பட்டியலை உருவாக்கி அந்த இடத்தில் வைக்கின்றன. பின்னணி த்ரெட் ஈவென்டை எழுப்பத் தொடங்கியபோது கையில் எடுத்தது பழைய பட்டியல். அது வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டு வரும்போது நடுவில் நீங்கள் யூஐ த்ரெடில் -= செய்தாலும் அந்தச் சுற்றில் உங்கள் முறை வந்தே தீரும். ஆகவே -= க்குப் பிறகும் ஓர் அழைப்பு வரலாம் என்று ஏற்றுக்கொண்டுதான் ஹேண்ட்லரை எழுத வேண்டும்.

இன்வோக்ரிக்வயர்டு இங்கே உதவாது என்பது மட்டுமல்ல, ஏமாற்றவும் செய்யும். விண்டோ ஹேண்டில் இல்லாத கன்ட்ரோல் எந்த த்ரெடைச் சேர்ந்தது என்று சொல்ல வழியில்லாததால் அது "தேவையில்லை" என்று பதில் தரும். மூடிய ஜன்னலுக்கு ஹேண்டில் இல்லை. ஆக, உங்கள் குறிமுறை பின்னணி த்ரெடிலேயே இருந்துகொண்டு கன்ட்ரோல்களைத் தொடப் போகிறது. சோதித்த கணத்தில் ஹேண்டில் இருந்து, இன்வோக் கூப்பிடுவதற்குள் போய்விட்டால் நீங்கள் பார்க்கும் எக்ஸெப்ஷன்.

மாற்று வழி: ஃபார்மின் லோடில், அதாவது யூஐ த்ரெடில், சிங்க்ரனைசேஷன்கான்டெக்ஸ்ட் கரன்டை (அந்த த்ரெடுக்கு வேலை அனுப்பும் வழி) ஒரு ஃபீல்டில் எடுத்து வைத்து, அடுத்த வரியில் += போடுங்கள். ஹேண்ட்லர் இப்படி இருக்கட்டும்:

யூஐசூழல்.போஸ்ட்(_ => வரியைப்புதுப்பி(தகவல்.எண்), வெறுமை);

போஸ்டுக்கு இந்தக் குறிப்பிட்ட ஃபார்மின் ஹேண்டில் தேவையில்லை. வரியைப்புதுப்பி மெத்தடின் முதல் வரியில் ஃபார்ம் டிஸ்போஸ் ஆகிவிட்டதா என்று பார்த்து, ஆகியிருந்தால் திரும்பிவிடுங்கள். அந்தச் சோதனையும் டிஸ்போஸும் ஒரே யூஐ த்ரெடில் நடப்பதால் இடையில் யாரும் புகுந்து நிலையை மாற்ற முடியாது. அதே சோதனையைப் பின்னணி த்ரெடில் செய்தால் பயனில்லை, சோதித்த மறுகணமே ஃபார்ம் போயிருக்கலாம். அவெயிட்டுக்கும் இதே கதைதான்: அவெயிட் முடிந்து திரும்பும்போது ஃபார்ம் இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை.

வேலை முடியும் வரை காத்திருக்கும் இன்வோக் வேண்டாம், காத்திருக்காத போஸ்ட் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சேவை ஒரு லாக்கைப் பிடித்துக்கொண்டே ஈவென்டை எழுப்புகிறது என்று வையுங்கள். பின்னணி த்ரெட் லாக்கோடு யூஐ த்ரெடுக்காகக் காத்திருக்கும். யூஐ த்ரெட் அதே நேரத்தில் சேவையின் வேறொரு மெத்தடைக் கூப்பிட்டு லாக்குக்காகக் காத்திருக்கும். இரண்டும் அப்படியே உறைந்துவிடும். சேவையின் குறிமுறை உங்கள் கையில் இருந்தால் லாக்கை விட்ட பிறகு ஈவென்டை எழுப்பும்படி மாற்றுங்கள்.

முகப்பு பதில்:

இதே பிரச்சினையோடு டபிள்யூபிஎஃப் (டாட்நெட்டின் மற்றொரு ஜன்னல் நூலகம்) ஆட்களும் இங்கே வருவார்கள் என்பதால் அந்தப் பக்கத்தையும் சொல்கிறேன். அங்கே விண்டோவுக்கு டிஸ்போஸ் கிடையாது, குளோஸ்டில்தான் விடுவிக்க வேண்டும். யூசர்கன்ட்ரோல் என்றால் லோடெட், அன்லோடெட் ஜோடி. பலர் கன்ஸ்ட்ரக்டரில் += போட்டு அன்லோடெடில் -= போடுகிறார்கள். டேப் மாறினாலே அன்லோடெட் எழும், திரும்பி வந்தால் லோடெட் எழும், கன்ஸ்ட்ரக்டர் மட்டும் ஒரே முறை. ஆக, ஒரு முறை டேப் மாறித் திரும்பிய பிறகு கன்ட்ரோல் காது கேளாததாகிவிடும். லோடெடில் += என்றால் அன்லோடெடில் -=. நிரல் மொத்தமாக மூடும்போது அன்லோடெட் எழாமல் போகலாம், எனவே கோப்பில் சேமிப்பது போன்ற வேலையை அங்கே வைக்காதீர்கள்.

ஜெனரிக் வீக்ஈவென்ட்மேனேஜர் டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.5 இலிருந்து இருக்கிறது. கேட்பவரை வீக் ரெஃபரன்ஸாக (ஜிசியைத் தடுக்காத பிடி) மட்டும் பிடிப்பதால் லீக் ஆகாது. ஆனால் இரண்டு இடத்தில் சறுக்கும். ஜிசி ஓடும் வரை மூடிய ஜன்னலின் ஹேண்ட்லர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இன்னொன்று, லோக்கல் மாறியைப் பிடிக்கும் லாம்ப்டாவைக் கொடுத்தால் டார்கெட் குளோஷர் ஆப்ஜெக்ட், அதை வேறு யாரும் பிடித்திருக்க மாட்டார்கள். அடுத்த ஜிசியில் ஹேண்ட்லர் காணாமல் போகும். இன்று வேலை செய்கிறது, நாளை செய்யவில்லை என்ற வகைப் பிழை இது. யாருடைய ஆயுள் எப்போது முடிகிறது என்று உங்களுக்கே தெரிந்த இடத்தில் வெளிப்படையான -= தான் நல்லது என்பது என் கருத்து.

தரவைத் திரையோடு இணைக்கும் பைண்டிங்கிலும் லீக் உண்டு. மாற்றத்தை அறிவிக்கும் ஐநோட்டிஃபைப்ராப்பர்ட்டிசேஞ்ச்டு இன்டர்ஃபேஸ் இல்லாத சாதாரண கிளாஸின் ப்ராப்பர்ட்டிக்குப் பைண்ட் செய்தால் டபிள்யூபிஎஃப், ப்ராப்பர்ட்டிடிஸ்கிரிப்டர் வழியாக மாற்றத்தைக் கவனிக்கும், அது ஆப்ஜெக்டைப் பிடித்துக்கொள்ளலாம். அந்த இன்டர்ஃபேஸை எழுதிவிடுங்கள், அல்லது மாறாத மதிப்பு என்றால் மோடை ஒன்டைம் ஆக்குங்கள்.

சிக்னல்வழி பதில்:

சி++ மொழியின் ஜன்னல் நூலகமான க்யூட்டி பக்கமிருந்து. இங்கே ஈவென்ட் போன்றது சிக்னல், ஹேண்ட்லர் போன்றது ஸ்லாட். டாட்நெட்டில் சாக வேண்டியது சாகாமல் இருக்கிறது. இங்கே செத்ததைக் கூப்பிட்டுக் கிராஷ் ஆகிறது. க்யூஆப்ஜெக்ட் அழியும்போது அதன் எல்லா கனெக்‌ஷனும் தானே அறுந்துவிடும், அதனால் மெத்தடோடு இணைத்தால் கவலையில்லை. லாம்ப்டாவோடு இணைக்கும்போதுதான் சிக்கல். அனுப்புபவர், சிக்னல், லாம்ப்டா என்று மூன்று மட்டும் கொடுத்தால் லாம்ப்டா யாருக்காக ஓடுகிறது என்று க்யூட்டிக்குத் தெரியாது. உள்ளே பிடித்திருக்கும் ஜன்னல் அழிந்த பிறகும் அதைக் கூப்பிடும். அனுப்புபவருக்கும் சிக்னலுக்கும் அடுத்து, லாம்ப்டாவுக்கு முன்னால், கான்டெக்ஸ்டாக அந்த ஜன்னலையே கொடுங்கள். ஜன்னல் போனால் கனெக்‌ஷனும் போகும், ஜன்னலின் த்ரெடிலேயே லாம்ப்டா ஓடவும் செய்யும்.

ஸ்லாட்டுக்குள் இருந்துகொண்டே சிக்னல் அனுப்பியவரை டிலீட் செய்யாதீர்கள். ஸ்லாட் முடிந்ததும் கட்டுப்பாடு அந்த ஆப்ஜெக்டின் குறிமுறைக்கே திரும்பும், அதற்குள் அது இருக்காது. டிலீட்லேட்டர் கூப்பிட்டால் ஈவென்ட் லூப்புக்குத் திரும்பிய பிறகுதான் அழியும். குளோஸ் செய்தாலும் க்யூவிட்ஜெட் அழியாது. மூடும்போதே அழிய வேண்டுமென்றால் டிலீட்ஆன்குளோஸ் ஆட்ரிபியூட்டை வையுங்கள். அப்படி வைத்தால் அந்த ஜன்னலுக்கான பாயின்டரைச் சாதாரண மாறியில் வைக்காமல் க்யூபாயின்டரில் வையுங்கள், அழிந்ததும் தானே நல் ஆகிவிடும்.

கைப்பிடி பதில்:

நிரல்வண்டு, சரியாகிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள். விஷுவல் ஸ்டுடியோவின் டயக்னாஸ்டிக் டூல்ஸில் மெமரி யூசேஜ். விவர ஜன்னலை முதலில் ஒரு முறை திறந்து மூடிவிட்டு முதல் ஸ்னாப்ஷாட் எடுங்கள். முதல் திறப்பில் பல கேஷ்கள் உருவாகும், அவை கணக்கைக் கெடுக்கும். பிறகு சரியாக 10 முறை திறந்து மூடி, இரண்டாவது ஸ்னாப்ஷாட். இரண்டையும் ஒப்பிட்டு, ஃபார்மின் கிளாஸ் பெயரால் வடிகட்டுங்கள். 10 கூடியிருந்தால் லீக். 1 மட்டும் தங்கியிருந்தால் பெரும்பாலும் ஃப்ரேம்வொர்க் கடைசியாக மூடியதன் நினைவை இன்னும் விடவில்லை, அதற்குப் பின்னால் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். 10 என்றால் ஒரு ஆப்ஜெக்டைத் தேர்ந்து பாத்ஸ் டு ரூட் பாருங்கள். டெலிகேட் வழியாகப் போகும் பாதைதான் நீங்கள் தேடுவது.

டெஸ்டாக எழுதுவதென்றால் ஃபார்மை உருவாக்கி, காட்டி, மூடி, அதன் வீக்ரெஃபரன்ஸை மட்டும் திருப்பித் தரும் தனி மெத்தட் ஒன்றை எழுதி, கம்பைலர் அதை அழைக்கும் மெத்தடோடு கலக்காதபடி நோஇன்லைனிங் ஆட்ரிபியூட் வையுங்கள். வெளியே வந்து கலெக்ட், வெயிட்ஃபார்பெண்டிங்ஃபைனலைசர்ஸ், மறுபடி கலெக்ட். பிறகு இஸ்அலைவ் பார்க்கலாம். எல்லாவற்றையும் ஒரே மெத்தடில் எழுதினால் டீபக் பில்டில் லோக்கல் மாறி மெத்தட் முடியும் வரை உயிரோடு இருக்கும், இல்லாத லீக்கை இருப்பதாகக் காட்டும்.

நிரல்வண்டு:

அளந்தேன், 10 கூடியிருந்தது. பாத்ஸ் டு ரூட்டில் சேவை இல்லை. கைப்பிடி சொன்ன கையால் உருவாக்கிய டைமர்தான், 30 விநாடிக்கு ஒருமுறை நிலையைப் புதுப்பிப்பது. அதையும் டிஸ்போஸில் சேர்த்ததும் 10 பூஜ்யமானது. போஸ்டுக்கு மாற்றிய பிறகு எக்ஸெப்ஷனும் இல்லை. கடைசியாக ஒன்று: டிஸ்போஸுக்குள் -= ஐ பேஸ் டிஸ்போஸுக்கு முன் எழுதுவதா, பின்பா?

சுட்டிநூல் பதில்:

முன்பே. பேஸ் டிஸ்போஸ் ஓடும்போது உள்ளே இருக்கும் கன்ட்ரோல்கள் ஒவ்வொன்றாகக் கழற்றப்படும், அந்த நேரத்தில் ஒரு ஈவென்ட் வந்தால் பாதி கழன்ற ஃபார்மில்தான் ஹேண்ட்லர் ஓடும். டிஸ்போசிங் என்ற பூலியன் உண்மையாக இருக்கும்போது மட்டும் -= செய்யுங்கள்; பொய் என்றால் ஃபைனலைசரிலிருந்து கூப்பிடுகிறார்கள், வேறு ஆப்ஜெக்டுகளைத் தொடக் கூடாது. டிஸ்போஸ் இரண்டு முறை கூப்பிடப்பட்டாலும் தாங்க வேண்டும். -= இரண்டாம் முறை எதுவும் செய்யாது, டைமர் ஃபீல்டுக்கு மட்டும் நல் சோதனை போட்டுவிடுங்கள்.